விளக்கு முன்னால் செய்துகொடுத்த சத்தியம்

கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு, நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சமூகப்பணி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா இங்கே ஒரு கோயிலில் குருக்கள். எனக்குப் பதினோரு வயதானபோது தமிழ்நாட்டிலிருந்து வந்தோம். இந்தப் பருவத்தில் இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு குடும்பநல அலுவலகத்தில் வாரம் இரண்டு நாள் களப்பணி. என் சூப்பர்வைசர் நல்லவர்தான், ஆனால் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஐந்து வாரத்தில் ஒரே ஒரு முறைதான் என்னோடு பேசினார். அதுவும் காரில், கோர்ட்டுக்குப் போகிற வழியில்.

அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். அதனால் 76 வயது ஆயா ஒருவர் வீட்டுக்கு என்னைத் தனியாக அனுப்பினார்கள். மூன்றாவது முறை போனபோது ஆயா அழுதுவிட்டார். கூட இருக்கும் பேரன் சுகர்ஸ் என்ற போதைப்பொருள் எடுக்கிறானாம். பென்ஷன் வரும் அன்றைக்கே கார்டை வாங்கிக்கொண்டு போய்விடுவானாம். போன மாதம் தர மறுத்ததற்குக் கையை முறுக்கியிருக்கிறான். மணிக்கட்டில் கன்றிப்போன அடையாளத்தைப் பார்த்தேன். 'ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது மா. அவனைப் போலீஸ் கொண்டு போயிரும். சாமி விளக்கு எரியுது பாரு, சத்தியம் பண்ணு' என்றார். பண்ணிக்கொடுத்தேன். கிளம்பும்போது அரிசி டப்பாவிலிருந்து 100 ரேண்ட் நோட்டை எடுத்து என் கையில் திணித்தார். வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

ரிப்போர்ட்டில் 'ஆயா நலமாக இருக்கிறார், தொடர்ந்து சந்திக்கலாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த நோட்டு இன்னும் என் பையில் இருக்கிறது. இதை வெளியே சொன்னால் ஆயாவுக்குத் துரோகம் இல்லையா? நான் பொய் எழுதியது தெரிந்தால் சூப்பர்வைசர் என்னை ஃபெயில் ஆக்கிவிடுவாரா? நான் இந்தப் படிப்புக்கே லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது. ராத்திரி தூக்கமே இல்லை.

ஒரு மாணவி, டர்பன்

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உனக்கு என் மகள் வயது. அதனால் நீ என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் கிடைத்த அன்றே உனக்குத் தனியாக இரண்டு வரி எழுதினேன். 'இன்றைக்கே சூப்பர்வைசருக்குப் போன் பண்ணு, அடுத்த களப்பணி நாள் வரை காத்திருக்காதே' என்று. நீயும் பண்ணிவிட்டாய். வியாழக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து ஆயா வீட்டுக்குப் போகலாம் என்று அவர் சொன்னதாகப் பதில் வந்தது. அதனால்தான் மீதியை நிதானமாக எழுத முடிகிறது. உன்னைப் போல இன்னும் எத்தனையோ பிள்ளைகள் களப்பணியில் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று நீ சம்மதித்ததற்கு நன்றி.

உன் கடிதத்தில் ஆயாவின் யூனிட் எண் இருந்தது, எந்தக் கடைக்குப் பின்னால் வீடு என்பதும் இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டேன். வயதையும் வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். சாட்ஸ்வொர்த் பார்ப்பதற்குப் பெரிய ஊர். ஆனால் இது யார் வீட்டு ஆயா என்று கண்டுபிடிக்க இரண்டு கேள்வி போதும். ஆலோசனை கேட்டு எழுதும்போதும், கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் புலம்பும்போதும் இது நினைவில் இருக்கட்டும்.

இப்போது அந்தச் சத்தியத்துக்கு வருகிறேன். நீ குருக்கள் வீட்டுப் பெண். விளக்கு முன்னால் கொடுத்த வாக்கு உனக்குச் சின்ன விஷயமில்லை, எனக்கும் இல்லை. 'அதெல்லாம் மூடநம்பிக்கை, விட்டுத் தள்ளு' என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அந்த வீட்டுக்குள் நீ யாராகப் போனாய்? ஓர் அலுவலகம் அனுப்பிய மாணவியாக. அலுவலகத்தின் பெயரைச் சொல்லித்தான் கதவு திறந்தது. அப்படி உள்ளே போனவளுக்கு, கேட்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. இல்லாத உரிமையை நீ வாக்காகக் கொடுத்துவிட்டாய். அடுத்தவர் நகையைக் கொண்டுபோய் அடகு வைத்த மாதிரி. பயத்திலும் பாசத்திலும் செய்ததுதான், இருந்தாலும் அதை மீட்டுத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

சட்டமும் இங்கே தெளிவாகவே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் முதியோர் சட்டம், 2006-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் சட்டம். பாதுகாப்பு தேவைப்படும் முதியவர் யார் என்று அதன் 25-ஆம் பிரிவு சொல்கிறது. வருமானத்தையோ சொத்தையோ முதியோர் உதவித்தொகையையோ விருப்பத்துக்கு மாறாகப் பறிகொடுத்தவர் அந்தப் பட்டியலில் முதலிலேயே வருகிறார். தொழில்முறையில் முதியவரோடு பழகும் ஒருவர் நேரில் பார்த்து அந்த முடிவுக்கு வந்தால் சமூக மேம்பாட்டுத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது அதே பிரிவு. 'தெரிவிக்கலாம்' என்று இல்லை, 'தெரிவிக்க வேண்டும்' என்று இருக்கிறது. நீ சமூக சேவைத் தொழில்களுக்கான கவுன்சிலில் மாணவியாகப் பதிவு செய்திருப்பாய். அந்தப் பதிவு எண் உன் பெயருக்கு வந்த நாளிலிருந்தே கவுன்சிலின் நடத்தை விதிகள் உனக்கும் பொருந்தும். நீ மாணவி என்பதால் அதைத் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவரோடு சேர்ந்து அதைத் துறைக்கு எடுத்துப் போ.

சரி, ஆயா எதைக் கேட்டார்? உன் கடிதத்தை மறுபடி வாசித்தேன். 'சொல்லக் கூடாது' என்பதற்கு அடுத்த வார்த்தையே 'அவனைப் போலீஸ் கொண்டு போயிரும்' என்பதுதான். அவருக்குப் பேரனை இழக்க பயம். பேரன் கையை முறுக்குவது நிற்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லையென்றால் உன்னிடம் அழுதிருக்கவே மாட்டார். சொன்னதும் அவரேதான், சொல்லாதே என்றதும் அவரேதான். இரண்டையும் சேர்த்துக் கேட்டால், 'எனக்கு உதவி வேண்டும், ஆனால் என் பிள்ளையை என்னிடமிருந்து பிரித்துவிடாதீர்கள்' என்கிறார். இதற்கு நீ தனியாளாக விடை கண்டுபிடிக்க முடியாது. உன் சூப்பர்வைசரால் முடியும்.

அவருக்குத் தெரிந்த வழிகள் பல உண்டு. அரசு உதவித்தொகைகளை வழங்கும் சாசா அமைப்பிடம் சொல்லி, பென்ஷனை ஆயாவின் சொந்த வங்கிக் கணக்கில் போடச் சொல்லலாம். கார்டின் ரகசிய எண்ணை மாற்றலாம். நம்பிக்கையான ஒருவரை ஆயாவுக்காகப் பணம் எடுக்கும் பிரதிநிதியாக நியமிக்கலாம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டும் உரியதல்ல, ஒரே வீட்டில் இருக்கும் பாட்டி பேரனுக்கும் பொருந்தும். பணத்தைப் பறிப்பதும் அதில் வன்முறைதான். பேரனுக்கும் வழி உண்டு. போதைப்பொருள் தடுப்பு மற்றும் சிகிச்சைச் சட்டத்தின்படி, தானாகச் சிகிச்சைக்கு வராதவனைப் பற்றிக் குடும்பத்தாரோ சமூகப்பணியாளரோ பிரமாண வாக்குமூலம் கொடுத்து, கோர்ட் மூலமாகவே சிகிச்சைக்கு அனுப்பலாம். எது சரி என்று வியாழக்கிழமை முடிவாகாது. ஆனால் 'போலீஸ் அல்லது மௌனம்' என்ற இரண்டே வழிதான் இருக்கிறது என்று ஆயா நம்பிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது, நாலாவது வழிகள் இருப்பதை அவர் அறிய வேண்டும்.

அந்தப் பேரனைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுகர்ஸ் என்பது மட்டமான ஹெராயினில் கண்டதையும் கலந்து விற்கும் சரக்கு. அதன் போதை இறங்கும்போது எலும்பெல்லாம் முறிகிற மாதிரி வலிக்கும் என்று என்னிடமே எத்தனையோ பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த வலியில் எதையும் செய்வான். அவன் கெட்டவனா நல்லவனா என்று தீர்ப்புச் சொல்ல நீ போகவில்லை. ஆனால் அவன் வீட்டில் இருக்கும் நேரத்தில், அதிலும் பென்ஷன் வரும் மாத முதல் வாரத்தில், நீ தனியாக அந்த வாசலை மிதிக்கக் கூடாது. இதில் சமாதானம் பேச எனக்கு மனமில்லை. மூன்றாம் ஆண்டு மாணவியை, வீட்டில் போதைப் பழக்கமுள்ள ஆள் இருக்கிறானா என்று விசாரிக்காமல் தனியாக அனுப்பியது அலுவலகத்தின் தவறு. உன் தவறு இல்லை.

வியாழக்கிழமை போகும்போது முதல் வார்த்தையை நீ பேசு, தமிழில் பேசு. சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள். 'ஆயா, போன தடவை உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். அதைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை, அந்தத் தப்பு என்னுது. உங்க கையைப் பார்த்துட்டு என்னால சும்மா இருக்க முடியலை. எனக்குச் சொல்லிக்கொடுக்கிற மேடத்தைக் கூட்டிட்டு வந்திருக்கேன். என்ன செய்யலாம்னு உங்ககூட உட்கார்ந்து பேசத்தான் வந்தோம்.' இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். 'உங்களைக் கேட்காம எதுவும் செய்ய மாட்டோம்' என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதே. அது இன்னொரு பொய்ச் சத்தியமாகிவிடும். ஆயா கோபப்படலாம். 'உன்னை என் பேத்தி மாதிரி நினைச்சேனே' என்று சொல்லலாம். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திரு. பதில் தேடாதே.

இனிமேல் எந்த வீட்டுக்குப் போனாலும், முதல் நாளே, தேநீர் வருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடு: 'நீங்க சொல்றதை ஊர்ல யார்கிட்டயும் பேச மாட்டேன். ஆனா நான் படிக்கிற பொண்ணு, என் சூப்பர்வைசர்கிட்ட எல்லாம் சொல்வேன். யாருக்காவது ஆபத்துன்னா இன்னும் சிலர்கிட்டயும் சொல்ல வேண்டி வரும்.' இதைக் கேட்டுவிட்டுச் சிலர் பேச மாட்டார்கள். பரவாயில்லை. பேசுகிறவர்கள் தெரிந்தே பேசுவார்கள்.

இப்போது அந்த ரிப்போர்ட். 'நலமாக இருக்கிறார்.' இந்த இரண்டு வார்த்தையைப் படித்ததும் எனக்கு என் பழைய கதை ஞாபகம் வந்துவிட்டது.

நான் 1998-ல் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தவள். ஊரில் வாங்கிய பட்டம் வேறு படிப்பு என்பதால், நாலு வருட சமூகப்பணிப் பட்டத்தை முதலிலிருந்து படித்தேன். மூன்றாம் ஆண்டுக் களப்பணியில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று புகார். போனேன். அம்மா வாசலிலேயே நின்று சிரித்துப் பேசினாள். பையன் தூங்குகிறான், லேசாகச் சளி, திங்கட்கிழமை போய்விடுவான் என்றாள். உள்ளே கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கக் கூச்சம். அலுவலகத்துக்கு வந்து 'குழந்தை வீட்டில் நலமாக இருக்கிறான்' என்று எழுதி வைத்தேன்.

என் சூப்பர்வைசர் அந்தத் தாளை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். 'என்ன கலர் சட்டை போட்டிருந்தான்?' என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். 'முடி வெட்டியிருந்ததா, வளர்ந்திருந்ததா?' அதற்கும் பதில் இல்லை. அவர் சத்தம் போடவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு 'வா' என்றார், அவ்வளவுதான். பையன் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். பச்சைச் சட்டை. இடது கையில் துணி சுற்றியிருந்தது. கெட்டிலைத் தட்டிவிட்டு வெந்நீர் கொட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அந்தத் தாய் பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அன்று மாலையே கட்டுப் போட்டாயிற்று. கை நன்றாக ஆறிவிட்டது. ஆனால் பார்க்காததைப் பார்த்ததாக எழுதிய அந்த வரி என் கையெழுத்தில் அந்த ஃபைலில் இருக்கிறது.

அவர் அந்த வரியை அடிக்க விடவில்லை. 'அது அங்கேயே இருக்கட்டும். கீழே இன்றைய தேதி போட்டு உண்மையில் நடந்ததை எழுது' என்றார். நீயும் அதையே செய். பழைய ரிப்போர்ட்டைத் திருத்தாதே, கிழிக்காதே, புதிதாக எழுதிப் பழைய தேதி போடாதே. இன்றைய தேதியில் ஒரு கூடுதல் குறிப்பு எழுது. போன சந்திப்பில் என்ன பார்த்தாய், ஆயா என்ன சொன்னார், நீ என்ன வாக்குக் கொடுத்தாய், ஏன் எழுதாமல் விட்டாய், யாரிடம் எப்போது சொன்னாய். இதில் 'பார்த்தது' வேறு, 'கேட்டது' வேறு, 'நான் நினைப்பது' வேறு. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைக்காதே. 'வலது மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு நீலமும் மஞ்சளுமாகக் கன்றியிருந்தது' என்பது பார்த்தது. எந்தக் கை, எந்த நிறம் என்பது உனக்குத்தான் தெரியும். மறப்பதற்குள் எழுதிவிடு.

உனக்கு மட்டும் இன்னொரு வேலை இருக்கிறது, மற்ற மாணவர்களுக்கு அது இல்லை. ஆயாவின் வார்த்தைகளை முதலில் தமிழிலேயே, அவர் சொன்ன மாதிரியே எழுது. அதன் கீழே ஆங்கிலத்தில் எழுது. காரணம் சொல்கிறேன். 'கார்டை வாங்கிட்டுப் போயிருவான்' என்றாரா, 'பிடுங்கிட்டுப் போயிருவான்' என்றாரா? உன் கடிதத்தில் 'வாங்கிக்கொண்டு' என்று எழுதியிருக்கிறாய். ஆனால் கையை முறுக்கியது அடுத்த வரியில் வருகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டும் 'எடுத்துக்கொண்டான்' என்ற ஒரே சொல்லில் போய்விடும். சட்டத்தின் கண்ணில் இரண்டுக்கும் நடுவே மலையளவு தூரம். 'விருப்பத்துக்கு மாறாக' என்பதுதானே 25-ஆம் பிரிவின் கேள்வி? அந்த அலுவலகத்தில் அந்த வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் நீ. நீ எழுதாவிட்டால் அது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

ஆயா உன்னிடம் ஏன் கொட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வயதுக்காரர்களில் நிறையப் பேர் மேகசின் பேரக்ஸில் பிறந்து வளர்ந்தவர்கள். டர்பன் நகராட்சித் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் அவை, தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம். கோயில், நாடகம், திண்ணைப் பேச்சு எல்லாம் தமிழில். 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் என்ற பெயரில், அறுபதுகளில் அவர்களை அங்கிருந்து கிளப்பிச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் விட்டார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள், பேரப்பிள்ளைகளுக்குத் தமிழே தெரியாது. இந்த நாட்டு அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாக. ஆனாலும் ஒரு ஆயா தன் வலியைத் தமிழில் சொல்ல, எந்த அலுவலகத்திலும் கேட்க ஆள் இல்லை. பல வருடத்துக்குப் பிறகு நீ போய் 'ஆயா, சாப்பிட்டீங்களா?' என்று கேட்டிருக்கிறாய். கொட்டாமல் என்ன செய்வார்? சென்னையில் பள்ளிக்கூடத்தில் வேலை செய்யும் அம்மாவை ஆயா என்போம், இங்கே ஆயா என்றால் பாட்டி. நீ அந்தச் சொல்லைச் சொன்ன நிமிடத்திலேயே அவருக்குப் பேத்தி ஆகிவிட்டாய். அது உன் குற்றமில்லை, நல்ல விஷயமும்கூட. ஆனால் இவ்வளவு சீக்கிரம் திறக்கும் கதவுக்குப் பின்னால் இவ்வளவு பாரம் இருக்கும் என்று உனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அதைச் சொல்வதற்குத்தான் சூப்பர்விஷன். பல பிள்ளைகள் அதைக் கணக்குக் கேட்கிற மேசை என்று நினைக்கிறார்கள். எத்தனை வீடு போனாய், எத்தனை ரிப்போர்ட் எழுதினாய், கையெழுத்து, முடிந்தது. வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது அதில் ஒரு பங்குதான். சொல்லிக்கொடுப்பது இன்னொரு பங்கு. மூன்றாவது, உன்னைத் தாங்கிப் பிடிப்பது. ஆயா அழுத அன்று ராத்திரி நீ தூங்கவில்லையே, அதையும் அந்த மேசையில்தான் வைக்க வேண்டும். காரில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் முதல் பங்கைக்கூட முழுதாகச் செய்ய முடியாது.

உன் சூப்பர்வைசர் மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த மேசைகளில் குவிந்து கிடக்கும் ஃபைல்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவருக்கு நேரமில்லை என்பதால் உனக்குச் சூப்பர்விஷன் தேவையில்லை என்று ஆகிவிடாது. சமூக மேம்பாட்டுத் துறையும் கவுன்சிலும் சேர்ந்து 2012-ல் சூப்பர்விஷனுக்கென்றே ஒரு வழிகாட்டு நெறி வெளியிட்டன. படித்து முடித்து வேலை பார்க்கும் சமூகப்பணியாளருக்கே முறையான சூப்பர்விஷன் வேண்டும் என்கிறது அது. மாணவிக்கு எவ்வளவு வேண்டும்? பருவம் தொடங்கும்போது நீ, அலுவலகம், பல்கலைக்கழகம் மூவரும் கையெழுத்துப் போட்ட பயிற்சி ஒப்பந்தம் ஒன்று உன் கோப்பில் இருக்கும். அதை எடுத்துப் பார். சூப்பர்விஷன் எத்தனை நாளுக்கு ஒரு முறை, எவ்வளவு நேரம் என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் கையெழுத்துப் போட்ட பிறகு அதைத் திறப்பதே இல்லை.

அப்புறம் அவரிடம் கேள். புகாராகக் கேட்காதே, வேலையாகக் கேள். 'மேடம், வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரே கிழமை, ஒரே நேரம் எனக்கு வேண்டும். முந்தின நாளே இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிடுகிறேன். உங்களுக்கு வாசிக்கப் பத்து நிமிடம்தான் ஆகும்.' இதற்கு மறுப்புச் சொன்ன சூப்பர்வைசரை நான் பார்த்ததில்லை. நேரமில்லாதவருக்கு எழுதி வருகிற மாணவி ஒரு வரம். அந்த இரண்டு பக்கத்தில் வாரம் முழுக்க நடந்த எல்லாவற்றையும் எழுதாதே. ஒரே ஒரு சந்திப்பை எடு. அதில் உனக்கு வயிற்றைப் பிசைந்த ஐந்து நிமிடத்தை, அவர் சொன்னது, நீ சொன்னது, அப்போது உன் மனதில் ஓடியது என்று வரிசையாக எழுது. சத்தியம் கேட்ட அந்த ஐந்து நிமிடமே இந்த வாரத்துக்குப் போதும்.

இரண்டு வாரம் கேட்டும் நடக்கவில்லையா? 'பல்கலைக்கழகக் களப்பணி ஒருங்கிணைப்பாளரையும் கூப்பிட்டு மூன்று பேருமாக உட்காரலாமா?' என்று முதலில் சூப்பர்வைசரிடமே சொல். அவருக்குத் தெரியாமல் போகாதே. அப்படிப் போனால் அடுத்து வரும் மாணவிக்கும் சேர்த்து அங்கே கதவு சாத்தப்படும். ஆனால் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவரை வைத்திருப்பதே இதற்குத்தான். அவரிடம் போவது கோள் சொல்வது ஆகாது.

ஃபெயில் ஆவாயா என்று கேட்டாய். நான் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் களப்பணி மாணவர்களைச் சூப்பர்வைஸ் செய்கிறேன். இரண்டு பேரைத்தான் தேர்ச்சி இல்லை என்று எழுதியிருக்கிறேன். இரண்டு பேரும் தப்புச் செய்ததற்காக அல்ல. கேட்டபோதும் மறைத்ததற்காக. உன் சூப்பர்வைசர் கேட்பதற்கு முன்பே நீ போன் செய்துவிட்டாய். அவர் கோபப்படலாம், மதிப்பெண்ணில் ஒன்றிரண்டு குறையவும் குறையலாம். ரிப்போர்ட்டில் பொய் எழுதியது சின்னத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அந்த ஒரு வரியை நம்பி அலுவலகம் ஆயாவை மறந்திருக்கும். அந்தப் பாரம் உனக்குத் தெரிகிறது. தெரியாதவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. லாயக்கு இருக்கிறதா இல்லையா என்பதை மூன்றாம் ஆண்டில் முடிவு செய்யாதே, மகளே. அதற்காகத்தானே களப்பணி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்?

கடைசியாக அந்த நோட்டு. முதியோர் உதவித்தொகையே கொஞ்சம்தான். அதையும் பேரன் கொண்டுபோகிற வீட்டில், அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்த 100 ரேண்ட் என்றால் அது என்ன பணம் என்று நினைத்துப் பார். ரொட்டிக்கும் மருந்துக்கும் மறைத்து வைத்தது. பேத்திக்குக் கொடுக்கிற ஆசையும் அதில் இருக்கலாம், வாய் திறக்காதே என்ற கெஞ்சலும் இருக்கலாம். இரண்டையும் பற்றிச் சூப்பர்வைசரிடம் பேசு. பணத்தை அரிசி டப்பாவில் ஒளிக்க வேண்டியிருக்கிறது என்பதைக் குறிப்பில் மறக்காமல் எழுது. மணிக்கட்டுக் காயத்துக்கு அடுத்தபடியாக அந்த வீட்டைப் பற்றி நீ கொண்டுவந்திருக்கும் முக்கியமான செய்தி அதுதான்.

வாங்கியதையும் திருப்பிக் கொடுத்ததையும் தேதி போட்டு எழுதிவை. கோயில் உண்டியலில் போட்டுவிடலாமா என்று யோசிக்காதே, அது ஆயாவின் பணம். கவரில் போட்டு யாரிடமும் கொடுத்தனுப்பவும் வேண்டாம். வியாழக்கிழமை பேசி முடித்ததும், சூப்பர்வைசர் பார்க்க, ஆயாவின் கையிலேயே கொடு. 'எங்களுக்கு வாங்க அனுமதி இல்லை ஆயா, உங்க மனசு எனக்குத் தெரியும்' என்று சொன்னால் போதும். தேநீர் போட்டுத் தந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து குடித்துவிட்டு வாருங்கள். அந்த நோட்டை மறுபடி அரிசி டப்பாவில் வைப்பதா, வேறு இடம் பார்ப்பதா என்பதை ஆயாவே சொல்லட்டும்.